ரெண்டு விரல்

அவருக்கு ரெண்டுவிரல் மேஸ்திரி என்று பேர். பேரைக் கேட்டதும், பாவம், மெஷினில் கையைக் கொடுத்துவிட்டார் போல என்று உச்சுக்கொட்டியவர்கள் உண்டு. அப்படியெல்லாம் ஒன்றுமில்லை. பத்து விரலும் பத்திரமாகத்தான் இருந்தன. கட்டடங்களுக்குக் குழாய் போடுகிறவர். இந்தத் தொழிலில் இருபத்திரண்டு வருஷம். வரைபடத்தில் குழாய் எங்கே என்று காட்டியிருக்கிறதோ, அங்கிருந்து சுவரைவிட்டு விலக்கி ரெண்டு விரல் தள்ளித்தான் வைப்பார். ஏன் என்று கேட்டால் ஒரே பதில்தான்.

"படம் போடுறவன் கையில ஸ்பேனர் பிடிச்சதில்ல."

அதில் நியாயம் இருந்தது. காகிதத்தில் குழாய் வெறும் கோடு. நிஜக் குழாய்க்கு மூட்டு உண்டு, மூட்டுக்குத் தடிப்பு உண்டு, சுவர்மேல் பூச்சு வேறு ஏறும். சுவரை ஒட்டிக் குழாயை இறக்கிவிட்டால் பின்னால் கை போகாது. கை போகாவிட்டால் கிளாம்ப் இறுகாது. இறுகாத குழாய் ஒருநாள் ஒழுகியே தீரும். ஒழுகும்போது படம் போட்டவனை யாரும் தேடுவதில்லை, குழாய் போட்டவனைத்தான் பிடித்துக் கிழிப்பார்கள்.

குழாய் சுவர் கட்டிய பிறகு வருகிற சமாச்சாரம் என்று வெளியாட்கள் நினைப்பார்கள். அதற்கான ஓட்டை அதற்கு முன்பே வந்துவிடும். தளத்துக்குக் கம்பி கட்டியதும், கான்கிரீட் கொட்டுவதற்குள், குழாய் போகவேண்டிய ஒவ்வோர் இடத்திலும் ஒரு குட்டைக்குழாயை நிறுத்தி வைக்கவேண்டும். ஸ்லீவ் என்பார்கள். கான்கிரீட் இறுகினால் அந்த இடம் ஓட்டையாக நின்றுவிடும். அந்த நேரத்தில் சுவர் என்ற ஒன்றே கிடையாது. தூணிலிருந்து அளந்து, இங்கே சுவர் வரும், இங்கே குழாய் வரும் என்று நம்பி வைக்கவேண்டியதுதான். மேஸ்திரி அளந்து வைப்பார், பிறகு ரெண்டு விரல் தள்ளுவார். கை தானாகவே அதைச் செய்யும், மூளையைக் கேட்காது.

இப்போது நடந்துகொண்டிருந்தது மாணவர் விடுதி. மாடிக்கு இருபத்திநாலு அறை, அறைக்கு ஒரு குளியலறை. இந்த வேலையில் காகிதமே கிடையாது. சைட் இன்ஜினியர் ஒரு கண்ணாடிப் பலகையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு திரிவார். ஆட்கள் அதற்குத் தட்டு என்று பேர் வைத்து, அவரையும் தட்டுக்காரர் ஆக்கிவிட்டார்கள். தட்டில் முழுக் கட்டடமும் நிற்கும். விரலால் தள்ளினால் திரும்பும், கிள்ளினால் ஒரு மாடி உரிந்து வரும், உள்ளே குழாய் நீலமாகவும் கம்பி சிவப்பாகவும் தெரியும். குழாயும் உத்தரமும் எங்காவது முட்டிக்கொண்டால் தட்டே காட்டிக்கொடுத்துவிடும். ஆட்கள் வாயைப் பிளந்து பார்த்தார்கள். மேஸ்திரி பார்க்கவில்லை. எல்லாம் தெரியும் என்கிறவனைக்கூட நம்பலாம், எல்லாம் தெரிந்ததுபோல் மினுக்குகிறதை நம்பக்கூடாது என்பது அவர் கட்சி.

போதாக்குறைக்குக் குளியலறையே தொழிற்சாலையில் செய்து வரப்போகிறது என்றார்கள். சுவர், ஓடு, கண்ணாடி, குழாய், சோப்பு வைக்கிற மாடம் வரை பொருத்தி, பெட்டியாக லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து, கிரேனால் தூக்கி அந்தந்த இடத்தில் இறக்கிவிடுவார்களாம். பெட்டியின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் குழாய், தளத்தில் விட்ட ஓட்டையில் நேராக இறங்கவேண்டும். ஆட்கள் அதற்கு டப்பா என்று பேர் வைத்தார்கள். டப்பா வேலை என்று கேலியும் பேசினார்கள்.

முதல் மாடி ஆரம்பிக்கும் முன் தட்டுக்காரர் எல்லோரையும் கூட்டி வைத்து, திருத்திய படம் வந்திருக்கிறது, குழாய் இருக்கும் இடம் மாறியிருக்கிறது, இனிமேல் தட்டில் உள்ளபடி அப்படியே வைக்கவேண்டும் என்று அரைமணி நேரம் விளக்கினார். மேஸ்திரி பின்வரிசையில் நின்று கொட்டாவி விட்டார். கடைசியில் தட்டை நீட்டியபோது விரலால் கையெழுத்தும் போட்டார். இருபத்திரண்டு வருஷத்தில் எத்தனை திருத்திய படம் பார்த்தாயிற்று. எல்லாப் படமும் கடைசியில் ரெண்டு விரலுக்குத்தான் வந்து நிற்கும்.

இதில் யாருக்கும் தெரியாத விஷயம் ஒன்று இருந்தது. அந்தப் படத்தில் குழாய் போட்டவள் மேஸ்திரியின் மனைவி.

அவள் வரைபட ஆபீஸில் கடிதம் டைப் அடிக்கப் போனவள். ஆபீஸில் அந்தக் கணினிப் படம் வந்தபோது, ஆண்பிள்ளைகள் பழைய முறையைக் கட்டிக்கொண்டு அழ, இவள் உட்கார்ந்து கற்றுக்கொண்டாள். இப்போது ஏழு கட்டடங்களின் குழாய் அவள் கையில். மேஸ்திரி இதை சைட்டில் ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. படம் போடுறவன், படம் போடுறவன் என்று இத்தனை வருஷம் திட்டிவிட்டு, படம் போடுறவள் வீட்டிலேயே இருக்கிறாள் என்று எந்த வாயால் சொல்வது? அவளும் ஆபீஸில் சொன்னாளா என்று அவருக்குத் தெரியாது. சொல்லியிருக்கமாட்டாள் என்றுதான் உள்ளுக்குள் ஒரு எண்ணம். புருஷன் சேறும் சிமெண்டுமாக நிற்கிறவன் என்று ஏசி அறையில் யார் சொல்லிக்கொள்வார்கள்?

இருந்தாலும் சாப்பாட்டு நேரத்தில் இருவரும் நன்றாகப் பேசுவார்கள். சமையலறைச் சுவரை ஒட்டி ஒரு மடக்கு மேஜை, எதிரும் புதிருமாக ரெண்டு நாற்காலி. ஒரு வருஷத்துக்கு மேலாக அவள் வேலையைப் பற்றித் துருவித் துருவிக் கேட்டுக்கொண்டிருந்தாள். குழாயை ஏன் ஒட்டி வைக்கக்கூடாது, மூட்டு எவ்வளவு தடிப்பு, ஸ்பேனர் திரும்ப எவ்வளவு இடம் வேண்டும் என்று. அவர் டம்ளரைச் சுவர் ஓரமாக நகர்த்தி வைத்து, இதுதான் குழாய் என்பார். சாப்பிடுகிற கையை நக்கித் துடைத்துவிட்டு, சுவருக்கும் டம்ளருக்கும் நடுவில் ரெண்டு விரலை நுழைத்துக் காட்டுவார். கட்டிய பெண்டாட்டி தன் தொழிலைக் காதுகொடுத்துக் கேட்கிறாளே என்று மனுஷனுக்கு உச்சி குளிர்ந்தது.

அந்தக் குளிர்ச்சி ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போயிற்று.

மனைவியின் தம்பி சாப்பிட வந்திருந்தான். ஊரின் மறுகோடியில் எழும்பும் ஒரு கடைவளாகத்தில் மின்வேலை பார்க்கிறவன். வாயில் சோறு இருக்கும்போதே பேசுகிற ஜாதி.

"மாமா, உங்க ரெண்டு விரல் எங்க சைட்டுக்கும் வந்துருச்சு."

"என்னடா உளர்ற?"

"நெசமாத்தான். எங்க குழாய்க்காரங்க பேசிக்கிறாங்க. இப்பல்லாம் படத்துலயே குழாய் சுவத்துலேர்ந்து தள்ளித்தான் வருதாம். எங்க சைட் மட்டும் இல்ல, அக்கா ஆபீஸ் படம் போடுற எல்லா சைட்லயும். யாரோ விவரம் தெரிஞ்ச ஆளு உள்ள உக்காந்திருக்கான்னு சொல்றாங்க."

மேஸ்திரி மனைவியைப் பார்த்தார். அவள், தண்ணி கொண்டுவரேன் என்று எழுந்தாள். மேஜைமேல் ஜாடி நிறையத் தண்ணீர் இருந்தது.

அந்த ஒரு கணம் போதும். வேலியே பயிரை மேய்ந்திருக்கிறது என்று அவர் மனசு தீர்ப்பெழுதிவிட்டது. ஒரு வருஷமாகக் கேட்ட கேள்வியெல்லாம் வரிசையாக வந்து நின்றது. ஆசையாகக் கேட்கவில்லை, வாயைக் கிளறியிருக்கிறாள். இவர் ஊட்ட ஊட்ட வாங்கிக்கொண்டு போய் ஆபீஸில் தன் சாமர்த்தியம்போல் பரப்பியிருக்கிறாள். ரெண்டு விரல் போனதுகூட அவருக்குப் பெரிதாகப் படவில்லை. ஏழு சைட்டில் யாரோ விவரம் தெரிந்தவன் என்கிறார்களே, அந்த யாரோவுக்குப் பேர் இல்லாமல் போனதுதான் நெஞ்சை அறுத்தது.

ராத்திரி படுக்கும்போதுதான் இன்னொன்று உறைத்தது. எல்லா சைட்டிலும் என்றால், நம்ம சைட்டிலும்தானே?

திங்கட்கிழமை காலை தூறல். ஆட்கள் வருமுன் முதல் மாடிக்கு ஏறினார். அங்கே சுவர் அப்போதுதான் முழங்கால் உயரம் எழும்பியிருந்தது. ஓட்டைக்கும் சுவருக்கும் நடுவில் விரலை வைத்தார். ரெண்டு போயிற்று. மூன்று போயிற்று. நாலு விரலும் தாராளமாகப் போயின. படத்தில் அவள் ஏற்கெனவே தள்ளி வைத்த ரெண்டு விரலின்மேல் இவர் பழக்கதோஷத்தில் இன்னும் ரெண்டு விரல் தள்ளியிருக்கிறார். மூன்று மாடி கான்கிரீட் ஆயிற்று. மாடிக்கு இருபத்திநாலு. எழுபத்திரண்டு ஓட்டை. செங்கல் அடுக்கின்மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

அன்று நாலாம் மாடியில் ஸ்லீவ் வைக்கிற வேலை. ஆட்கள் வழக்கம்போல் தள்ளி வைக்கப் போனார்கள்.

"இன்னைக்குத் தட்டுல இருக்கிற மாதிரியே வைங்க."

"தள்ளலையா மேஸ்திரி?" ஒருவன் காது சரியாகக் கேட்கவில்லையோ என்பதுபோல் பார்த்தான்.

"சொன்னதைச் செய்."

அப்போதே தட்டுக்காரரிடம் போய், ஐயா, இப்படி ஆகிவிட்டது என்று சொல்லியிருக்கவேண்டும். டப்பா லாரி வர இன்னும் மூன்று நாள் இருந்தது. சொல்லியிருந்தால் தொழிற்சாலையிலேயே நிறுத்தியிருப்பார்கள். சொல்லவில்லை. சந்தேகம் பிடித்த மனுஷனுக்கு வீடு பற்றி எரிந்தாலும், கொளுத்தினது யார் என்பதுதான் முதல் கேள்வி. அவளைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டுத்தான் மறுவேலை என்று முடிவு பண்ணிவிட்டார்.

அன்று இரவுச் சாப்பாட்டில் பொறி வைத்தார்.

"ஒண்ணு தெரியுமா? காத்துக்குழாய் இருக்குல்ல, மொட்டைமாடிக்கு மேல போறது. அதை நேரா நிறுத்தக் கூடாது. மூணு விரல் சாய்ச்சு வைக்கணும். அதுலதான் சூட்சுமமே இருக்கு."

சுத்தப் பொய். சாய்த்து வைத்த காற்றுக்குழாயைப் பார்த்தால் தெருநாய்கூடச் சிரிக்கும். அவள் முட்டையை உடைத்து அவர் தட்டில் பாதி வைத்தாள். அப்படியா என்றாள். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை, தட்டுக்காரரிடம் அசட்டுச் சிரிப்போடு போய், மொட்டைமாடியைக் காட்டுங்களேன் என்றார். ஒருநாளும் தட்டைக் கேட்டு வாங்கிப் பார்க்காத ஆள் கேட்கிறாரே என்று அவரும் குஷியாகக் காட்டினார். காற்றுக்குழாய் நேராக நின்றது. புதன்கிழமையும் போய்ப் பார்த்தார். நேராகத்தான் நின்றது. கள்ளி, உஷாராகிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டார். சாய்ந்திருந்தால் அவள் திருடி. சாயாவிட்டால் கைதேர்ந்த திருடி. அந்தப் பொறியில் அவள் தப்ப வழியே இல்லை.

வியாழக்கிழமை லாரி வந்தது.

முதல் டப்பாவைக் கிரேன் தூக்கியபோது ஆட்கள் எல்லோரும் வேலையை விட்டுவிட்டு அண்ணாந்து பார்த்தார்கள். முதல் மாடி ஓரத்து அறையின் திறந்த பக்கமாக அதை உள்ளே நுழைத்து மெல்ல இறக்கினார்கள். தளத்துக்கு ஒரு சாண் இருக்கும்போது நின்றது. அடியில் நீட்டிக்கொண்டிருந்த குழாய், ஓட்டையை விட்டு ரெண்டு விரல் தள்ளித் தளத்தில் இடித்தது. மேலே தூக்கி, திருப்பி, மறுபடி இறக்கினார்கள். மறுபடி இடித்தது. பழைய முறை என்றால் உளியை வைத்து நாலு தட்டு தட்டி, முழங்கை மூட்டு ஒன்றைச் சொருகி ஒப்பேற்றிவிடலாம். தொழிற்சாலைக் குழாய் வளைந்து கொடுக்காது. டப்பா அந்தரத்தில் ஆடிக்கொண்டு நின்றது.

மதியத்துக்குள் வரைபட ஆபீஸ் மேனேஜர் மடிக்கணினியோடு வந்துவிட்டார். பின்னாலேயே குடையை மடக்கிக்கொண்டு மேஸ்திரியின் மனைவி. சைட்டில் கொடுத்த மஞ்சள் தொப்பி அவள் தலைக்குப் பெரிதாக இருந்தது. அவரைப் பார்த்தாள். அவர் வேறெங்கோ பார்த்தார்.

தட்டுக்காரர் அதற்குள் எல்லா மாடியையும் அளந்து வைத்திருந்தார். ஒன்று, ரெண்டு, மூன்றாம் மாடிகள் முழுக்கத் தப்பு என்றார். நாலாம் மாடி மயிரிழை பிசகாமல் சரி என்றார். சொல்லிவிட்டு மேஸ்திரி பக்கம் திரும்பினார்.

"நாலாவது மாடி திங்கக்கிழமை வச்சது. அப்ப திங்கக்கிழமையே உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. மூணு நாளா ஏன் வாயைத் திறக்கல?"

என்ன சொல்வார்? பெண்டாட்டிக்குப் பொறி வைத்துக்கொண்டிருந்தேன் என்றா? ஆட்கள் சுற்றி நின்றார்கள். அவமானம் காது மடல்வரை ஏறியது, அதன் பின்னாலேயே கோபம் ஏறியது. கோபத்தில் அவர் செய்ததைப் பிறகு எத்தனையோ முறை நினைத்து வெட்கப்பட்டிருக்கிறார். நேராக அவளைக் கைகாட்டிவிட்டார்.

"என்னைக் கேக்குறீங்களே, படத்தை யார் மாத்தினா? யாரைக் கேட்டு மாத்தினா? அதை முதல்ல பாருங்க."

மேனேஜருக்குக் கோபம் வரவில்லை. அதற்கென்ன, யார் எப்போது எதைத் தொட்டார்கள், எதற்காகத் தொட்டார்கள் என்பதெல்லாம் இதிலேயே இருக்கிறது என்றார். மடிக்கணினியைச் சிமெண்டு மூட்டைமேல் வைத்து, நீலக் குழாய் ஒன்றைத் தொட்டார். பக்கத்தில் ஒரு கட்டம் திறந்தது. மனைவியின் பேர் இருந்தது. பதின்மூன்று மாதத்துக்கு முந்தைய தேதி இருந்தது. கீழே எழுதியிருந்ததை மேனேஜர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு உரக்கப் படித்தார்.

"குழாய், சுவரிலிருந்து ரெண்டு விரல் கூடுதலாகத் தள்ளி. பின்னால் கை போக இடம் வேண்டும். கை போகாவிட்டால் கிளாம்ப் இறுகாது. சொன்னவர், என் கணவர். குழாய் மேஸ்திரி. இருபத்தொரு வருஷ அனுபவம்."

கிரேன்காரர்கூட எஞ்சினை அணைத்துவிட்டார்.

"யாருங்க உங்க கணவர்?" தட்டுக்காரர் கேட்டார்.

"இவர்தான்," என்றாள் அவள்.

முதலில் யாரோ ஒருவன் களுக்கென்றான். பிறகு அடக்கமாட்டாமல் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அப்ப உங்க யோசனையை நீங்களே ரெண்டாவது தடவை தள்ளி வச்சிருக்கீங்க என்றார் மேனேஜர். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இந்தத் தவளை கத்தினதையே மறந்துவிட்டிருந்தது. மேஸ்திரி மேனேஜர் பக்கம் திரும்பினார்.

"நான் சொன்னேன்னு எனக்கே தெரியாதுங்க."

"நீங்க இவர்கிட்ட சொல்லலையா?" மேனேஜர் அவளைக் கேட்டார்.

"சொல்லல. அது என் தப்பு."

மூன்று நாள் மௌனத்துக்கு, பயந்துவிட்டேன் என்று மட்டும் சொன்னார் மேஸ்திரி. தட்டுக்காரர் அதை நம்பவில்லை. அவர் முகத்திலேயே அது தெரிந்தது. எழுபத்திரண்டு ஓட்டையையும் அடைத்துவிட்டு, மெஷின் வைத்துப் புதிதாகத் துளைக்கவேண்டும், மேஸ்திரியே ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் நிற்கவேண்டும், முடிந்த பிறகு இவரை வைத்துக்கொள்வதா என்று பார்க்கலாம் என்று முடிவாயிற்று. டப்பா லாரி வந்த வழியே திரும்பிப் போயிற்று.

அன்று வீட்டில் விளக்குப் போட்டதும் அவரே கேட்டார்.

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொன்னா பேச்சை நிறுத்தியிருப்பீங்க. நீங்க என்கூட வாய்விட்டுப் பேசுறதே இந்த மேஜையிலதான். அதுவும் போயிடுமோன்னு பயந்தேன்."

ஏழு சைட்டிலும் அந்த எழுத்து இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது, தொட்டால் தெரியும், யாரும் தொடமாட்டார்கள் என்றாள். பிறகு தட்டை நகர்த்தி வைத்துவிட்டு அவரை நேராகப் பார்த்தாள்.

"காத்துக்குழாய் மூணு விரல் சாய்ஞ்சிருக்கான்னு தட்டுல போய்ப் பாத்தீங்களா?"

அவருக்குப் புரையேறிவிட்டது. தண்ணீரைக் குடித்துவிட்டு, எப்படித் தெரியும் என்றார்.

"நிஜம் சொல்றப்ப உங்க கை சும்மா இருக்காது. டம்ளரை இழுப்பீங்க, விரலை நீட்டுவீங்க, சோறு காய்ஞ்சு போகும். அன்னைக்கு மூணு விரல்னீங்க, கை சோத்துலயே இருந்துச்சு." அவள் டம்ளரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "என்னை வேவு பாக்குறீங்கன்னு அப்பவே தெரிஞ்சுபோச்சு. நேரா ஒரு வார்த்தை கேப்பீங்கன்னு மூணு நாள் காத்திருந்தேன். நீங்க எல்லார் முன்னாடியும் கையை நீட்டினீங்க."

அவருக்கு அழுகை வந்தது. அழவில்லை. மன்னிச்சுக்கோ என்ற சொல்லும் வரவில்லை, வந்திருக்கவேண்டும்.

அதன்பிறகு மேஜையில் பேச்சு நின்றது. சண்டை இல்லை, ஆனால் சாப்பிடுகிற சத்தம் மட்டும்தான் கேட்கும். அவள் ஒன்றும் கேட்பதில்லை. அவர் பகலெல்லாம் துளைமெஷின் பக்கத்தில் நின்றார். அது தண்ணீரைக் குடித்துக்கொண்டு கான்கிரீட்டைக் கடையும். சேற்றுத் தண்ணீர் கீழ்மாடியில் ஊற்றும். வெட்டுப்பட்ட கான்கிரீட் உருளை சடாரென்று கீழே விழும். கீழே ஆள் நின்றால் மண்டை போய்விடும். காது அடைத்து, மேலெல்லாம் சாம்பல் பூசினமாதிரி வீட்டுக்கு வந்து வாய் திறக்காமல் சாப்பிட்டுப் படுப்பார்.

பத்தாம் நாள் சோற்றைப் பிசைந்துகொண்டே, யாரிடமோ பேசுகிறவர்போல ஆரம்பித்தார்.

"அந்த உருளை விழுது பாரு, அதுக்கு ஒண்ணு பண்ணேன். ஒரு பிளாஸ்டிக் வாளியை அடியில கட்டிட்டா போதும். கீழ்மாடி சீலிங்லயே, ஓட்டைக்கு நேரா. உருளையும் அதுலயே விழுந்துடும், சேத்துத்தண்ணியும் அதுலயே இறங்கிடும். ஆனா வாளியைச் சும்மா தொங்கவிடக் கூடாது..."

அவள் நிமிர்ந்தாள். அவர் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தாள். அப்போதுதான் அவரும் தன் கையைப் பார்த்தார். ஒரு கை டம்ளரை அந்தரத்தில் தூக்கிப் பிடித்திருந்தது. இன்னொரு கை, சோறு ஒட்டிய விரல்களோடு, அதன் அடியில் வாளியாகக் குழிந்து நின்றது.

அவள் எழுந்துபோய் ஒரு நோட்டும் பென்சிலும் எடுத்துவந்தாள். அவர் கண்ணெதிரிலேயே மேஜைமேல் விரித்து வைத்தாள்.

"ம், சொல்லுங்க. சும்மா தொங்கவிட்டா என்ன ஆகும்?"

அவர் சொன்னார். அவள் எழுதினாள். சொன்னவர் என்ற கடைசி வரிக்கு வந்ததும் அவர் எட்டிப் பார்த்து, சோற்றுக்கை படாமல் புறங்கையால் அந்த இடத்தைத் தட்டிக் காட்டினார்.

"இருபத்தொண்ணுன்னு போடாதே. இப்ப இருபத்திரண்டு."